மலேசியக் கோப்பிக்கடையில் பானம் கேட்கும் முறை

மலேசியாவின் பழைய கோப்பிக்கடைகளில் விலைப்பட்டியல் இருப்பது அரிது. இருந்தாலும் அதில் பானங்களின் பெயர்களைத்தான் பார்க்கலாம். எதில் எது கலந்திருக்கிறது என்பதை அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்று "மினும்?" என்பார். குடிக்க என்ன வேண்டும் என்று பொருள். அதற்கு வெறுமனே "கோப்பி" என்று சொன்னால், கேட்டவர் கறுப்புக் காப்பியை நினைத்திருந்தாலும் சரி, பசும்பால் ஊற்றிய டிகிரி காப்பியை நினைத்திருந்தாலும் சரி, மேசைக்கு வருவது இனிப்பூட்டிய டின்பால் அடியில் தங்கிய, அடர்ந்த பழுப்பு நிறக் காப்பிதான். அது அந்த ஊரின் இயல்பான காப்பி. வேறு ஏதேனும் வேண்டுமென்றால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்; சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரு சல்லிக்காசு கூடுதலாகக் கொடுக்காமலேயே, தன் நாக்குக்கு ஏற்ற பானம் கிடைத்துவிடும்.

சொல்லும் முறை கடினமானதன்று. எது வேண்டும், எந்தப் பால் வேண்டும், எவ்வளவு இனிப்பு வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு இதே வரிசையில் விடை சொல்கிறோம். தேவைப்பட்டால் எவ்வளவு கடுப்பம், சூடாகவா ஐஸ் போட்டா என்பதைக் கடைசியில் சேர்க்கிறோம். இவற்றில் இரண்டாவது கேள்வியையும் மூன்றாவது கேள்வியையும் தனித்தனியானவை என்று நினைப்பதால்தான் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். கோப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் ஒரே டின்னில் இருக்கின்றன. இனிப்பைக் குறைக்கச் சொன்னால் பாலும் குறையும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் காப்பியைப் பற்றி. இந்தக் கடைகளில் பயன்படுவது பெரும்பாலும் ரொபஸ்டா வகைக் கொட்டை. ஜொகூர் போன்ற மாநிலங்களில் லிபெரிக்கா கொட்டையும் விளைகிறது, சில கடைகள் அதைக் கலந்துகொள்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவில் காப்பித் தோட்டங்கள் பரவியிருந்தன, ரப்பருக்கு முன்னால் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் வேலை செய்தது அந்தத் தோட்டங்களில்தான். ரொபஸ்டாவில் அராபிக்காவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கஃபீன் உண்டு. ஆகவே இரவில் தூக்கம் பிடிக்காதவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் இந்தக் காப்பியைக் குடிக்காமல் இருப்பது நல்லது. கொட்டையை நன்றாகக் கருக வறுத்து, இறக்கும் நேரத்தில் சர்க்கரையையும் மார்ஜரினையும் சேர்த்துப் புரட்டுவது இங்குள்ள வழக்கம். சர்க்கரை உருகிக் கொட்டையின் மேல் கரிய பூச்சாகப் படிந்துவிடுகிறது. கோப்பிக்கடைக் காப்பியின் கறுப்பு நிறமும், லேசாகக் கருகிய வெல்லப்பாகு மணமும் அதிலிருந்து வருபவை. சிக்கரியின் கசப்புக்குப் பழகிய நாக்கு இதை முதல் மிடறில் வேறு மாதிரி உணரும்.

கலக்கும் இடத்தை ஒருமுறையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும். கொதிநீர்த் தொட்டி ஒன்று எப்போதும் ஆவி பறக்க நின்றுகொண்டிருக்கும். அதன் பக்கத்தில் நீண்ட மூக்குள்ள தகரக் குவளைகள், அவற்றில் ஒன்றின் வாயில் காலுறை போல நீண்டு தொங்கும் துணி வடிகட்டி. தூளை அதில் போட்டுக் கொதிநீரை ஊற்றி, வடிந்ததை மறு குவளைக்கும் அங்கிருந்து மீண்டும் இதற்குமாக மாற்றி மாற்றி ஊற்றி, கெட்டியான டிகாக்‌ஷனை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். பச்சைப் பூப் போட்ட தடித்த பீங்கான் கோப்பையை வெந்நீரில் முக்கி எடுத்து, அடியில் டின்பாலை விட்டு, அதன்மேல் டிகாக்‌ஷனை ஊற்றி, மிச்ச இடத்தை வெந்நீரால் நிரப்பி, ஒரு கரண்டியைப் போட்டுத் தட்டோடு தூக்கிக் கொடுக்கிறார் கடைக்காரர். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது. இந்த வரிசையைக் கண்ணால் கண்டவருக்கு, தாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எந்தக் கட்டத்தை மாற்றுகிறது என்பது தெளிவாகிவிடும்.

"கோப்பி" என்றால் மேலே சொன்னபடி டின்பால் சேர்த்தது. "கோப்பி ஓ" என்றால் பால் கிடையாது, ஆனால் சர்க்கரை உண்டு. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத, நீர் வற்றவைத்த டின்பாலும் தனியாகச் சர்க்கரையும் சேர்ந்தது. தேநீருக்கும் இதே முறைதான்: "தே", "தே ஓ", "தே சி". இந்தச் "சி" கார்னேஷன் என்ற டின்பாலின் பெயரிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, ஹைனான் மொழியிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும் நாடு முழுவதும் இந்த எழுத்துக்கு ஒரே பொருள்தான்.

சர்க்கரையே வேண்டாமென்றால் "கோசோங்" என்ற சொல்லைக் கடைசியில் சேர்க்க வேண்டும். "கோப்பி ஓ கோசோங்" என்பது பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காப்பி. "தே சி கோசோங்" என்பது பால் உண்டு, சர்க்கரை இல்லாத தேநீர். இங்கேதான் கவனம் தேவை: "தே" என்று தொடங்கிவிட்டு "சர்க்கரை வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், கலக்குபவருக்குக் குழப்பம் வரும். சிலர் பாலையும் விட்டுவிட்டுத் "தே ஓ கோசோங்" கொடுப்பார்கள்; சிலர் தனியாகச் சர்க்கரை போடாமல் டின்பாலை மட்டும் ஊற்றிக் கொடுப்பார்கள், அது முன்பு போலவே இனிக்கும். இனிப்பூட்டிய டின்பாலின் எடையில் 40 முதல் 45 விழுக்காடு வரை சர்க்கரையே. ஆகவே பாலும் வேண்டும், இனிப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு "சி" தவிர வேறு வழி இல்லை.

இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் "குராங் மானிஸ்" என்று சொன்னால் போதும். சீனக் கடைகள் சிலவற்றில் அதையே "சியூ தாய்" என்று உள்ளே கூவிச் சொல்வதைக் கேட்கலாம். "தே குராங் மானிஸ்" கேட்டால் டின்பாலின் அளவு குறையும், பானம் துவர்ப்பாகவும் நீர்த்தும் இருக்கும். அது பிடிக்காதவர்கள் "தே சி குராங் மானிஸ்" கேட்டுப் பார்க்கட்டும். பாலின் வழுவழுப்பு குறையாமல் சர்க்கரை மட்டும் குறைந்து வரும். சர்க்கரை நோய் பரவலாக உள்ள நாடு மலேசியா. நம் குடும்பங்களில் அந்த நோய் இல்லாத வீடும் குறைவு. ஒரு நாளில் மூன்று வேளை டின்பால் தேநீர் குடிக்கும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் இந்த ஒரு எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். பழகிய சுவையை அடியோடு விடச் சொல்வதைவிட, "சி" பக்கம் மாறச் சொல்வது எளிது.

இன்னொரு வழியும் உண்டு. சூடான கோப்பியைக் கலக்காமல்தான் கொண்டுவந்து வைப்பார்கள் பல கடைகளில். டின்பால் கோப்பையின் அடியில் வெள்ளையாகத் தங்கியிருக்கும். கரண்டியால் ஒரேயடியாகக் கலக்கிவிடாமல், மேலாக இரண்டு சுற்றுச் சுற்றிக் குடித்துப் பார்த்து, போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் கலக்கலாம். வேண்டிய இனிப்பை எடுத்துக்கொண்டு மீதியை அடியிலேயே விட்டுவிடலாம். ஆற்றிக் கொடுக்கும் தேநீரிலும் ஐஸ் போட்ட பானத்திலும் இந்த வசதி இல்லை, ஏனென்றால் அவை கலந்தே வருகின்றன. ஐஸ் உருகினால் சுவை நீர்த்துவிடும், குளிர்ச்சியில் இனிப்பும் மங்கித் தெரியும் என்பதால், ஐஸ் பானத்துக்குக் கலக்குபவர்கள் டின்பாலைக் கூடுதலாகவே விடுவார்கள். ஆகவே ஐஸ் கேட்கும்போது "குராங் மானிஸ்" என்பதையும் சேர்த்துச் சொல்வது கட்டாயம் என்றே சொல்வேன்.

ஐஸுக்கு மலாயில் "ஐஸ்" என்றே சொல்லலாம், சீனக் கடைகளில் "பெங்" என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் எந்தக் கடையிலும் புரியும். வெதுவெதுப்பாக வேண்டுமென்றால் "சுவாம்". கடுப்பமாக வேண்டுமென்றால் "காவ்": அப்போது டிகாக்‌ஷன் கூடும், வெந்நீர் குறையும். ஆக, "கோப்பி சி காவ் குராங் மானிஸ் ஐஸ்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், காப்பி, வற்றவைத்த பால், கடுப்பம் கூட, இனிப்புக் குறைவு, ஐஸோடு என்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. காவ், குராங் மானிஸ், ஐஸ் ஆகியவை முன்பின் மாறினாலும் குற்றமில்லை. "ஓ", "சி" இரண்டும் மட்டும் பானத்தின் பெயரை ஒட்டியே வரவேண்டும்.

காப்பியும் தேநீரும் ஒன்றாகக் கலந்த பானம் "ச்சாம்". கேட்பவர்க்கு வினோதமாக இருக்கலாம்; ஆனால் காப்பியின் கருகல் மணமும் தேயிலையின் துவர்ப்பும் டின்பாலோடு சேரும்போது நன்றாகவே பொருந்திப் போகின்றன, ஐஸ் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். "நெஸ்கஃபே" என்று பெயர் சொல்லிக் கேட்டால் உடனடிக் காப்பித்தூளில் கலந்து தருவார்கள். கோப்பிக்கும் அதற்கும் சுவையில் தொடர்பே இல்லை, மாற்றிக் கேட்டுவிடக் கூடாது. நெஸ்கஃபேயும் மைலோ என்ற சாக்லேட் மால்ட் பானமும் கலந்தது "நெஸ்லோ". மைலோத் தூளில் முன்பே சர்க்கரை உண்டு என்பதால் "மைலோ ஓ கோசோங்" கேட்டாலும் கொஞ்சம் இனிக்கத்தான் செய்யும்.

ஈப்போவின் வெள்ளைக் காப்பி தனி வகை. அங்கே கொட்டையை வறுக்கும்போது சர்க்கரை சேர்ப்பதில்லை, மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுக்கிறார்கள். அதனால் கொட்டை அவ்வளவு கறுப்பதில்லை, கருகல் மணமும் குறைவு. டின்பால் சேர்ந்ததும் பானம் வெளிர் பழுப்பாக, மேலே மெல்லிய நுரையோடு வருகிறது. பொட்டலத்தில் விற்கும் உடனடித் தூள்கள் உலகெங்கும் கிடைத்தாலும், ஈப்போ பழைய நகரத்தின் பண்டார் தீமா சாலையில் எதிரெதிரே இருக்கும் சின் யூன் லூங், நாம் ஹியோங் போன்ற கடைகளில் உட்கார்ந்து குடிப்பதற்கு அவை ஈடாகா. வார இறுதியில் அங்கே மேசை கிடைப்பது கடினம். வேலை நாளில் காலை எட்டு மணிக்கு முன் போய்விடுவது நல்லது.

இத்தகைய கடைகளை நடத்தியவர்களில் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்களுக்குத் தனி இடம் உண்டு. மற்றச் சீனர்களுக்குப் பின்னால் மலாயாவுக்கு வந்த அவர்கள், ஆங்கிலேயர் வீடுகளிலும் விடுதிகளிலும் சமையல்காரர்களாக இருந்துவிட்டுப் பிறகு சொந்தக் கடை போட்டார்கள். ரொட்டியை வாட்டி, வெண்ணெயும் தேங்காய்ப்பாலில் செய்த காயாவும் தடவிக் காப்பியோடு கொடுக்கும் வழக்கம் அவர்களால் பரவியது. கோலாலம்பூரில் 1928இல் தொடங்கிய யூட் கீ இன்றும் நடக்கிறது. ஜொகூரின் குளுவாங் ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய காப்பிக்கடையின் பெயர் நாடெங்கும் தெரிந்த பெயராகிவிட்டது. காயாவில் முட்டை உண்டு என்பதை முட்டை சேர்க்காதவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பல சீனக் கோப்பிக்கடைகளில் பன்றி இறைச்சி சேர்ந்த உணவு விற்கும் கடைகளும் உள்ளேயே இருக்கும். அதைத் தவிர்ப்பவர்கள் உட்காரும் முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. உணவுக் கடைகள் வாடகைக்கு நிற்பவை, பானம் விற்பவர்தான் பெரும்பாலும் கடையின் முதலாளி. அதனால் உணவை எங்கே வாங்கினாலும் பானத்தை அவரிடம் தனியாகச் சொல்லி, அது வந்ததும் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். மேசையைப் பிடித்துக்கொண்டு பானமே வாங்காமல் இருப்பது மரியாதையாகக் கருதப்படுவதில்லை. வயதில் மூத்த கடைக்காரரை "அங்கிள்" என்றும் அம்மையாரை "ஆண்ட்டி" என்றும் அழைத்தால் போதுமானது.

மாமாக் கடைகளின் முறை சற்று வேறு. இவை தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள்; கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து சென்றவர்களின் வழிவந்தவர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கலக்குமிடத்தில் இருப்பவரைச் சீனரும் மலாய்க்காரரும்கூட "அண்ணே" என்று கூப்பிடுவதைக் கேட்கலாம். "தண்ணி என்ன?" என்று தமிழில் கேட்டால் குடிநீரைக் கேட்பதாக நினைத்துவிடக் கூடாது; மலேசியத் தமிழில் எல்லாப் பானமும் தண்ணிதான். இங்கே அரசாட்சி செய்வது "தே தாரேக்". கெட்டியான தேயிலைத் தூள் டிகாக்‌ஷனில் டின்பாலைச் சேர்த்து, இரண்டு குவளைகளுக்கு இடையே கையை உயர்த்தி நீளமாக இழுத்து ஆற்றுகிறார்கள். நம் ஊர் டீக்கடையில் ஆற்றுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல என்றாலும், டின்பாலின் கெட்டித்தன்மையால் இங்கே நுரை இன்னும் அடர்த்தியாக நிற்கும். ஆற்றும்போது சூடு குடிக்கும் பதத்துக்கு இறங்குகிறது, பாலும் டிகாக்‌ஷனும் முழுமையாகக் கலக்கின்றன, காற்று புகுந்து துவர்ப்பு மென்மையாகத் தெரிகிறது. நாசி லெமாக், ரொட்டி சானாய் ஆகியவற்றோடு தே தாரேக்கும் இடம்பெறும் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தமிழர் கை சேர்ந்து வளர்ந்த ஒரு பழக்கத்துக்குக் கிடைத்த மதிப்பு அது, நாம் மகிழ்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

மாமாக் கடையில் இஞ்சித் தேநீருக்கு "தே ஹாலியா" என்று கேட்க வேண்டும். தொண்டைக்கட்டு, மழைக்காலம் என்றால் அதைவிட நல்லது வேறில்லை. வெயிலுக்கு "தே ஓ ஐஸ் லிமாவ்", அதாவது பாலில்லாத தேநீரில் ஐஸும் எலுமிச்சையும். இதையும் இனிப்பைக் குறைத்தே கேளுங்கள், இல்லாவிட்டால் எலுமிச்சையின் புளிப்பு தெரியவே தெரியாது. டின்பாலே பிடிக்காது, பசும்பால்தான் வேண்டும் என்பவர்கள் "தே சூசு லெம்பு" உண்டா என்று விசாரிக்கலாம். எல்லாக் கடைகளிலும் இருக்காது, ஆனால் இந்தியர் நடத்தும் சில கடைகளில் கிடைக்கும். பல கடைகளில் டின்பால் என்று ஊற்றுவது உண்மையில் செம்பனை எண்ணெய் சேர்ந்த க்ரீமர். டின்னின் மேல் "கிரிமெர்" என்று எழுதியிருந்தால் அதில் பாலின் பங்கு குறைவு என்று புரிந்துகொள்ளலாம்.

சரவாக் பக்கம் போகிறவர்கள் "தே சி பெங் ஸ்பெஷல்" குடிக்காமல் திரும்பக் கூடாது. நீண்ட கண்ணாடிக் குவளையின் அடியில் நீப்பா மரத்துச் சாற்றிலிருந்து காய்ச்சிய கூலா அப்போங் பாகு, அதன் மேல் வற்றவைத்த பால், எல்லாவற்றுக்கும் மேலே தேநீர் என்று மூன்று அடுக்காக வரும். பார்க்க அழகாக இருக்கிறதென்று அப்படியே உறிஞ்சினால் முதலில் வெறும் பாகுதான் வாயில் வரும். ஸ்ட்ராவால் அடிவரை நன்றாகக் கலக்கிய பிறகே குடிக்க வேண்டும். சபாவில் தெனோம் பகுதியில் விளையும் காப்பி பெயர் பெற்றது, அங்கே "கோப்பி ஓ" கேட்பதுதான் அந்தக் கொட்டையின் சுவையை அறியச் சிறந்த வழி.

வாங்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் "புங்குஸ்" அல்லது "தாப்பாவ்" என்று சொல்லுங்கள். இப்போது மூடியுள்ள குவளைகள் வந்துவிட்டாலும், பல கடைகளில் இன்னும் தெளிந்த பிளாஸ்டிக் பைதான். அதைக் கட்டும் விதத்தையும் கேட்பார்கள். "ஈக்காட் தெப்பி" என்றால் பையின் வாயை ஒரு பக்கமாகச் சேர்த்து ராஃபியாக் கயிற்றால் கட்டி, மறு மூலையில் ஸ்ட்ரா நுழையும் அளவுக்கு இடம் விட்டு, கயிற்றின் மிச்சத்தை விரலில் மாட்டிக்கொள்ளும் வளையமாக விட்டுவிடுவார்கள். நடந்துகொண்டே குடிக்க அது ஏற்றது. "ஈக்காட் மாத்தி" என்றால் வாய் முழுவதையும் இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ கொண்டுபோய்க் கோப்பையில் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு அது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மறக்காமல் "மாத்தி" என்று சொல்லிவிட வேண்டும். சூடான பானத்தை இந்தப் பையில் வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கொதிக்கும் பானத்துக்கு ஏற்ற பொருளன்று அது, கை சுட்டுவிடும் ஆபத்தும் உண்டு. வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்துப்போய் நீட்டினால் கடைக்காரர் மறுப்பின்றி அதில் ஊற்றிக் கொடுப்பார்; "தே சி குராங் மானிஸ், மூன்று பேருக்கு" என்று கேட்டால் அளவையும் அவரே பார்த்துக்கொள்வார்.